வீடும் விடுதியும்: உழைக்கும் மாற்றுத்திறனாளிகளின் உறைவிட வரலாறு

கேரள அரசின் லாட்டரிச் சீட்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1967 நவம்பர் 1 அன்று. சீட்டின் விலை ஒரு ரூபாய், முதற்பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 சனவரி 26 அன்று நடைபெற்றது. அரசின் வருவாய்க்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் தொடங்கப்பட்ட இத்திட்டம், பார்வையற்றோர், போலியோவால் கால் நலிந்தோர், விபத்தில் தண்டுவடம் சிதைந்தோர் எனப் பலருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிழைப்பாக இருந்துவருகிறது. திருவனந்தபுரத்தில் இதைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தங்களிலும், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை ஒட்டிய நடைபாதையிலும், சாலைக் கடைத்தெருவின் முகப்பிலும் மூன்று சக்கர வண்டியில் சீட்டுகளை விசிறிபோல் விரித்து வைத்திருப்போர் அன்றாடக் காட்சி. இவர்கள் இரவலர் அல்லர். விற்ற சீட்டுக்குத் தரகு பெறும் தொழிலாளர். பகலில் இவர்களை எங்கே காணலாம் என்பது நகரத்துக்குத் தெரியும். இரவில் இவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பது லாட்டரித் துறையின் வினா அன்று. ஆதரவற்றோர் இல்லங்களின் வினாவும் அன்று. அவ்வில்லங்கள் பிழைப்பற்றவரை மனத்தில் வைத்து எழுந்தவை.

உழைத்துச் சம்பாதிக்கும் உடற்குறையுடைய ஒருவர், குடும்பத்தின் கூரைக்கு வெளியே, பிறர் துணையோடு ஆனால் பிறர் ஆட்சிக்கு உட்படாமல் குடியிருக்க முடியுமா? இவ்வினா மேலைநாட்டு உரிமை இயக்கங்களிலிருந்து அண்மையில் இறக்குமதியானது என்று கருதும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. அது முழு உண்மையன்று. வேலூரிலும் ஆய்க்குடியிலும் இவ்வினா வேறு சொற்களில், பெரும்பாலும் நடைமுறை இக்கட்டுகளின் வடிவில், எழுந்திருக்கிறது.

சொற்களிலிருந்து தொடங்குவது பயனுடையது. தமிழில் ‘வீடு’, ‘விடுதி’ ஆகிய இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே வேரில் பிறந்தவை. எனினும் வழக்கில் இரண்டும் எதிர்த்திசையில் நகர்ந்துவிட்டன. வீட்டுக்கு உரியவர் உண்டு. விடுதிக்குக் காப்பாளர் உண்டு. ‘காப்பகம்’ என்பதிலுள்ள ‘காப்பு’ம் ‘காவல்’ என்பதும் ‘கா’ என்னும் ஒரே அடியின. பாதுகாப்பும் கண்காணிப்பும் அச்சொல்லில் பிரியாமல் கிடக்கின்றன. மலையாளத்தில் ஆதரவற்றோர் இல்லத்தை ‘அகதி மந்திரம்’ என்பர். அதே ‘அகதி’ தமிழில் நாடிழந்து வந்தவரைக் குறிக்கும். இரு மொழிக்கும் மூலமான வடசொல்லின் பொருள் ‘போக்கிடம் இல்லாதவர்’ என்பதே. வேலையும் வருமானமும் உடைய ஒரு பெண், சக்கர நாற்காலியில் இருப்பதாலேயே ‘அகதி’ ஆவாளா என்று கேட்டால், சட்டம் இல்லை என்னும். வாடகை வீட்டு வாயிற்படி ஆம் என்னும். ‘ஊனமுற்றோர்’ என்பது ‘மாற்றுத்திறனாளி’ ஆனது பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. அவர் தங்கும் இடத்தின் பெயர் மாறாமலிருப்பது பற்றி எழுதியது குறைவு.

பழைய மரபு உணவை முதன்மையாகக் கொண்டது. மணிமேகலை காப்பியத்தில் அமுதசுரபியின் சோறு பார்வையற்றோர்க்கும் செவிகேளாதோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் உரியதாகிறது. அவர்கள் கூடும் இடம் ஊர்ப் பொது அம்பலம். அக்காப்பியத்தின் அறவுணர்வு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர்கள் உண்பவர்களாக மட்டுமே தோன்றுகிறார்கள், அவர்களுடைய தொழில் எதுவும் சொல்லப்படுவதில்லை. திருவிதாங்கூரில் பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த ஊட்டுப்புரைகள் உணவுக் கொடையை அரசின் கடமையாக்கின. ஆனால் தகுதியைத் தீர்மானித்தது தேவையன்று, சாதி. தொழுநோயாளிகளை அதே அரசு நகரின் ஓரத்தில் ஊளம்பாறையில் வைத்திருந்தது. 1934இல் அவர்கள் ஆலப்புழைப் பகுதியின் நூறநாட்டுச் சானட்டோரியத்துக்கு அகற்றப்பட்டனர். தலைநகரின் வளர்ச்சிக்கேற்ப உறைவிடம் வெளியே தள்ளப்படுவது அன்றே தொடங்கியாயிற்று.

பிரித்தானிய இந்தியாவில் நிலைமை இன்னும் கடுமை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் ‘வறிய தொழுநோயாளி’ என்னும் வகையை உருவாக்கியது. பொதுவிடத்தில் இரப்பவரும், வெளிப்படையான பிழைப்பின்றித் திரிபவரும் அவ்வகையினர். அவர்களைப் பிடித்து ஆசிரமத்தில் அடைத்துவைக்க அதிகாரம் தரப்பட்டது. அதே சட்டம், உணவுப்பொருள் தயாரித்து விற்றல், பொது வண்டி ஓட்டல் போன்ற சில தொழில்களைத் தொழுநோயாளிகளுக்குத் தடைசெய்யவும் இடம்கொடுத்தது. பிழைப்பு இல்லையேல் அடைப்பு, பிழைப்புக்கோ தடை. இச்சட்டம் நடுவண் ஏட்டிலிருந்து முறைப்படி நீக்கப்பட்டது 2016இல்தான் என்பதைச் சட்ட வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

பார்வையற்றோர் வரலாறு சற்றே வேறுபட்டது. 1887இல் அமிர்தசரசிலும் 1890இல் பாளையங்கோட்டையிலும் மிஷனரிப் பெண்கள் தொடங்கிய பள்ளிகள் சிறுவரை நோக்கியவை. வளர்ந்தவர் பற்றி அரசு எண்ணத் தொடங்கியது போரினால். இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்க்கென 1943இல் தேராதூனில் ‘செயின்ட் டன்ஸ்டன் ஹாஸ்டல்’ அமைந்தது. விடுதலைக்குப் பின், 1950இல், அது வயதுவந்த பார்வையற்றோர்க்கான பயிற்சி மையமாக மாறியது. தொழில் கற்பித்தலும் தங்கவைத்தலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. கற்றபின் வெளியேற வேண்டும். வெளியேறி எங்கே என்பதற்குத் திட்டம் இல்லை. இந்தக் குறை பின்வந்த எல்லா நிறுவனங்களிலும் தொடர்வதைக் காணலாம்.

வேலூரின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய்ச் சானட்டோரியத்தில் ராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றபோது, மடங்கிக் கொக்கிபோல் இறுகிய கைகளைக் கண்டார். அக்கைகளில் வலுவான தசைகள் சில எஞ்சியிருப்பதையும் கண்டார். தசைநாரை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை 1948 முதல் செய்யலானார். விரல்கள் நிமிர்ந்தன. மருத்துவத்தின் வெற்றி அது. அதன்பின் எழுந்த சிக்கலைப் பிராண்ட் தம் நூல்களில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: குணமானவர்கள் திரும்பி வந்து முறையிட்டனர். மடங்கிய கை இரப்பதற்கு உதவியது. நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை. தழும்பும் நோயின் பெயரும் மட்டும் எஞ்சியிருந்தமையால் வேலை தருவாரும் இல்லை, இடம் தருவாரும் இல்லை. அறுவை மருத்துவம் அவர்களைப் பழைய பொருளாதாரத்திலிருந்து வெளியேற்றியது, புதியதில் சேர்க்கவில்லை.

இதற்கு விடையாகத்தான் 1951இல் பாகாயத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே, ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. எளிய குடில்களும் ஒரு பட்டறையும் சேர்ந்த சிற்றூர் அது. சானட்டோரியத்தின் பெருங்கூடங்களை விடுத்து, ஊர்ப்புறத்து வீட்டை ஒத்த குடில்களை அமைத்தமை தற்செயலன்று. அங்கே பழகியவர் ஊருக்குத் திரும்பி அவ்வாறே வாழ வேண்டும் என்பது நோக்கம். பட்டறையில் தச்சு கற்பிக்கப்பட்டது. மரப் பொம்மைகள் செய்து விற்கப்பட்டன. குடியிருந்தோர் பெரும்பாலும் இளைஞர்.

நிலையத்தின் பெரும்பங்களிப்பு பொம்மைகள் அல்ல. உணர்வற்ற விரல்கள் ஏன் குறுகி அழிகின்றன என்ற வினாவுக்கு அதுவரை இருந்த பொது விடை, தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்பது. நிலையத்தில் வசித்தோரின் கைகளை நாள்தோறும் பார்வையிட்டு, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடியபோது வேறு விடை கிடைத்தது. சுடும் பாத்திரத்தின் பிடி, சுத்தியலின் பிசிர், அளவுக்கு மீறிய அழுத்தம் என ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பொருள் காரணமாக இருந்தது. துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பியதையும், அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்ததையும், அவன் அதை அறியாமலே நின்றதையும் பிராண்ட் விவரித்துள்ளார். அழித்தது நோயன்று, வலியின்மையும் அன்றாட வேலையும் சேர்ந்து செய்த அழிவு. ஆனால் சில இழப்புகளுக்குப் பகலில் காரணம் கிடைக்கவில்லை. இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. விழித்திருந்து காவல் காத்தபோது தெரிந்தது: எலிகள். உறங்குவோர் வலி உணராமையால் விழித்துக்கொள்வதில்லை. அதன்பின் பூனைகள் வளர்க்கப்பட்டன. நிலையத்தை விட்டு ஊருக்குப் போவோர்க்குப் பூனையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

இச்செய்தி நூல்களில் பெரும்பாலும் சுவையான துணுக்காகக் கடந்துபோகும். உறைவிட வரலாற்றில் இதன் இடம் பெரிது. மருத்துவமனைப் படுக்கையில் இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்காது. வெறும் பட்டறையிலும் நிகழ்ந்திருக்காது. ஒருவர் வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் சேர்ந்து கவனிக்கப்பட்டதால்தான் காயத்தின் முழு வரலாறு தெரிந்தது. கருவிகளின் பிடிகளை மாற்றியமைத்தது போலவே இரவையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. ‘துணையுடன் கூடிய குடியிருப்பு’ என்று இன்று கொள்கை ஆவணங்கள் அழைப்பதன் உள்ளடக்கம் இதுவே: உடலின் குறிப்பிட்ட தேவையை அறிந்து, வீட்டை அதற்கேற்பத் திருத்துவது. பூனையும் ஒரு துணைக்கருவிதான்.

நவஜீவ நிலையத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது இடைத்தங்கல். முடிவில் வீடு என்பது பிறந்த ஊரே என்ற எடுகோள் அதனுள் இருந்தது. ஊர் ஏற்காவிட்டால் என்ன என்பதற்கு அதனிடம் விடை குறைவு. மேலும், அறுவை செய்பவரும் தொழில் தருபவரும் குடில் தருபவரும் கைகளை நாள்தோறும் சோதிப்பவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர். நல்லெண்ணம் இருந்த இடத்தில் இது உறுத்தவில்லை. அமைப்பு என்ற அளவில் இது ஆபத்தானது: பட்டறையில் முரண்பட்டவர் படுக்கையையும் இழக்கக்கூடும்.

வேலூரின் மற்றொரு வாழ்க்கை இதே வினாவை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், அக்கல்லூரியில் படித்து மருத்துவரானவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் மையத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிறுவனம் அவர் முயற்சியின் பயன். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றிய எழுத்துகள் மனவுறுதியைப் போற்றுகின்றன, போற்றத்தக்கதே. ஆனால் அவர் தொழிலைத் தொடர முடிந்ததற்கு மனவுறுதி மட்டும் காரணமன்று. பணியிடமும் வாழிடமும் அருகருகே அமைந்த நிறுவனச் சூழலும், தூக்கி உட்காரவைக்கத் துணையாட்களும் அவருக்குக் கிடைத்தன. அதே ஆண்டில் அதே காயத்தோடு வேலூர்ச் சந்தையில் காய்கறி விற்ற பெண் ஒருத்தி இருந்திருப்பின், அவளுடைய மனவுறுதி எவ்வளவாயினும் கடைக்குத் திரும்பியிருக்க மாட்டாள்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தவை ஒப்புநோக்கத் தக்கவை. விமானப்படை அதிகாரியாயிருந்த லியோனார்ட் செஷயர், ஹாம்ப்ஷயரில் ‘லெ கோர்ட்’ என்னும் இல்லத்தை 1948இல் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அவ்வியக்கம் இந்தியாவுக்கும் வந்தது. பம்பாயின் அந்தேரியில் 1950களின் நடுப்பகுதியில் முதல் இல்லம் அமைந்தது. லெ கோர்ட்டில் 1956 முதல் வாழ்ந்தவர் பால் ஹண்ட், தசைச்சிதைவு நோயுடையவர். படுக்கைக்குச் செல்லும் நேரம் போன்ற சிறு செய்திகளில் தொடங்கிய குடியிருப்போர்–நிர்வாகப் பூசல், யார் இல்லத்தை ஆள்வது என்பதில் வந்து நின்றது. குடியிருப்போரே ஆய்வாளர்களை அழைத்தனர். மில்லர், க்வின் ஆகியோரின் ஆய்வு 1972இல் நூலாக வெளிவந்தது. இத்தகைய இல்லங்களில் நுழைவது ‘சமூக மரணம்’ என்று அது சொன்னது. ஆனால் இல்லமுறையை ஒழிக்கச் சொல்லவில்லை, அதை இதமாக்கவே வழி தேடியது. நடுநிலை என்ற பெயரில் தம் பக்கம் கைவிடப்பட்டதாக உணர்ந்த ஹண்ட், அவர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். ஆய்வறம் பற்றிப் படிக்கும் மாணவர் இந்த வாக்குவாதத்தைத் தவறவிடக் கூடாது. 1972இல் கார்டியன் நாளிதழுக்கு ஹண்ட் எழுதிய மடலிலிருந்து பிறந்த சங்கமே, ஊனம் உடலில் இல்லை, சமூக அமைப்பில் உள்ளது என்னும் கோட்பாட்டை 1976இல் வகுத்தது. கோட்பாடு பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. விடுதியின் படுக்கை நேரத்தைப் பற்றிய சண்டையில் பிறந்தது.

மாற்று வழிகளும் கண்டறியப்பட்டன. சுவீடனில் தாமே சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய பேராசிரியர் ஸ்வென் ஓலோஃப் பிராட்கோர்ட் 1964இல் தொடங்கிய ‘ஃபோகுஸ்’ திட்டம், சாதாரண அடுக்குமாடிகளுக்குள் சில வீடுகளைத் திருத்தியமைத்து, உதவியாளர்களை அக்கட்டடத்திலேயே இருக்கச் செய்தது. 1976இல் இங்கிலாந்தின் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டில் கென் டேவிஸ், மேகி டேவிஸ் இணையர் உருவாக்கிய குரோவ் ரோடு குடியிருப்பு இன்னும் எளிது: கீழ்த்தளத்து வீடுகளில் மாற்றுத்திறனாளிகள், மேல்தளத்தில் உடற்குறையற்ற குடும்பங்கள், ஏற்பாட்டின்படி கீழ்வீட்டார்க்கு உதவி. காப்பாளர் என்றொருவர் அங்கு இல்லை.

திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு மலைக்கு அப்பால் இருக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடி இன்று தமிழ்நாட்டில் உள்ளது. 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்புக்கு முன் அது செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த திருவிதாங்கூர் ஊர். வரி திருவனந்தபுரத்து அரசுக்குச் சென்றது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக 1976 சனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். படைத்துறை மருத்துவமனையில் தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், 1981இல் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. சில குழந்தைகளுக்கான பள்ளியாகத் தொடங்கியது, பின்னர் முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட வளாகமாக வளர்ந்தது. தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1992இல் சென்னை வாழ்வை விட்டு அங்கு சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆய்க்குடியை வேலூரிலிருந்து வேறுபடுத்துவது, நடத்துவோரும் அதே நிலையினர் என்பது. கழுத்துக்குக் கீழ் அசையாத ஒருவர் நிறுவனம் ஒன்றை நாற்பதாண்டுகளாக வளர்த்தெடுக்கையில், எவ்வுயரத்தில் மேசை, எங்கே சரிவுப்பாதை, இரவில் யார் புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவை ஆலோசகர் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. தண்டுவடக் காயமுற்றோரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும். படுக்கைப்புண் கிருமித் தொற்றாகி உயிரையே குடிக்கும். வேலூரின் எலிக்கும் ஆய்க்குடியின் படுக்கைப்புண்ணுக்கும் உறவு உண்டு. இரண்டும் வலியற்ற உடலை இரவில் தாக்குபவை. பகல்நேர வேலைவாய்ப்புத் திட்டம் எதுவும் இரண்டையும் காணாது. ஆயினும் ஆய்க்குடியும் ஒரு வளாகமே. வளாகத்துக்குள் எல்லாப் படிகளும் சரிவாகிவிட்டன. வெளியே தென்காசிப் பேருந்தின் படி அப்படியே உள்ளது. இதைக் குறையாகச் சொல்வது எளிது. வெளியுலகம் மாறும்வரை காத்திருக்க இயலாதவர்கள் தமக்கென ஒரு சிற்றுலகை அமைத்துக்கொண்டதைக் கோட்பாட்டின் பெயரால் குறைகூறுவது நேர்மையாகாது.

வளாகத்தை விட்டுத் தெருவுக்கு வந்த முயற்சி உளநலத் துறையில் நிகழ்ந்தது. அதற்குமுன் ஒரு பேரழிவு நிகழ வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கூரை வேய்ந்த மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். ‘காப்பு’ என்னும் சொல்லின் இருபொருளும் அன்று ஒருசேர வெளிப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் தொடங்கிய ‘பானியன்’ அமைப்பு, வீடற்ற உளநோயுற்ற பெண்களுக்கான இல்லமாகவே முதலில் இருந்தது. குணமடைந்தும் போக்கிடமின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியவர்களின் எண்ணிக்கை அதைத் தன்னையே கேள்வி கேட்கவைத்தது. செங்கல்பட்டுக் கடற்கரையின் கோவளத்திலும் பிற ஊர்களிலும் சாதாரண வாடகை வீடுகளை எடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து வாழ, உள்ளூர்ப் பெண்கள் உதவியாளராக அமையும் முறை, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்னும் பெயரில் விரிந்தது. பின்னர் கேரளத்துக்கும் வந்தது. (இக்கோவளம் திருவனந்தபுரத்துக் கோவளம் அன்று.) அவர்கள் சந்தைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். வேலை செய்பவரே தகுதியுடையவர் என்னும் நிபந்தனை அங்கு இல்லை. வேலை போனாலும் வீடு போகாது என்பதே இம்முறையின் நுட்பம்.

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்புறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எந்தக் குறிப்பிட்ட உறைவிட ஏற்பாட்டிலும் வாழ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகளையும் குறிப்பிடுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பமோ வீடோ இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சொற்கள் குறைவற்றவை. பழக்கமோ வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டைச் சுற்றியே நிற்கிறது: 1995 சட்டத்தில் 3 விழுக்காடு, 2016 சட்டத்தில் 4 விழுக்காடு. அரசின் வீட்டுத் திட்ட ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு உண்டு எனினும் அது ஒதுக்கப்படும் வீட்டைப் பற்றியது. பணி மாற்றலாகிப் புதிய நகருக்கு வரும் பார்வையற்ற வங்கி ஊழியர் தேடும் வாடகை அறையைப் பற்றியதன்று.

அமர்த்திய சென் ஈட்டுதலிலுள்ள குறையையும், ஈட்டியதை வாழ்வாக மாற்றுவதிலுள்ள குறையையும் பிரித்துப் பேசுவார். ஒரே ஊதியம் பெறும் இருவரில் ஒருவர் தரைத்தள அறைக்கும், ஆட்டோவுக்கும், காலையில் குளிப்பாட்டும் உதவியாளர்க்கும் தனியே செலவிட வேண்டியிருந்தால் அவ்வூதியம் ஒரே ஊதியம் அன்று. இடஒதுக்கீடு முதற்குறையைத் தொடுகிறது. உறைவிடம் இரண்டாவதைச் சார்ந்தது. வருமானச் சான்றிதழைக் கொண்டு உதவியை அளக்கும் அலுவலக முறை, வேலை கிடைத்தவுடன் உதவியை நிறுத்திவிடுகிறது. உழைப்பவர்க்குத் துணை தேவையில்லை என்னும் முடிவு அந்தப் படிவத்திலேயே அச்சாகிவிடுகிறது.

வேலையே நிலையற்றது என்பதும் இவ்வரலாற்றின் பகுதி. நாற்காலிப் பின்னலும், தொலைபேசி இணைப்பகப் பணியும், 1990களில் தெருமுனைதோறும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட எஸ்.டி.டி. பூத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பூத்து என்பது பலருக்குக் கடை மட்டுமன்று. கதவுடைய, பூட்டக்கூடிய, சாவி தம்மிடம் உள்ள சிறு அறை. கைபேசி வந்தபோது அவர்கள் இழந்தவற்றில் அவ்வறையும் ஒன்று. லாட்டரிச் சீட்டுக்கு அறை தேவையில்லை. மடியில் வைத்தும் விற்கலாம். கிழக்கேகோட்டையில் பிற்பகல் குலுக்கல் முடிந்ததும் அன்றைய சீட்டு வெற்றுத்தாளாகிவிடும். மறுநாள் சீட்டுக்குக் கட்டவேண்டிய பணத்தை ஒதுக்கியபின் எஞ்சுவதிலிருந்துதான் இரவுக்கான கூரைக்கு வாடகை.